பிஎச்பிக்கு எந்த வெப் சர்வர்? தேர்வு, இணைப்பு, பிழைநீக்கம்: முழுமையான வழிகாட்டி

பிஎச்பி மொழியில் எழுதிய தளத்துக்கு எந்த வெப் சர்வர் (உலாவியின் கோரிக்கையை வாங்கிப் பக்கத்தைத் திருப்பி அனுப்பும் மென்பொருள்), அப்பாச்சியா என்ஜின்எக்ஸா என்று தொடங்கும் விவாதம் எப்போதும் வேகத்தில் போய் நிற்கும். ஆனால் ஒரு பிஎச்பி தளம் மெதுவாக இருப்பதற்கு வெப் சர்வர் காரணமாக இருப்பது அபூர்வம். டேட்டாபேஸ் வினவல்களும், பிஎச்பி ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிரதிகள்) போதாமல் போவதும்தான் நேரத்தைத் தின்கின்றன. சர்வரை மாற்றும்போது நிஜமாகவே உடைபவை வேறு: ரீரைட் விதிகள் (கேட்ட முகவரியை வேறொன்றுக்கு மாற்றுபவை), கோப்பு அனுமதிகள், லாகின் டோக்கன்கள், பெரிய கோப்புகளின் பதிவேற்றம். இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். பிஎச்பி அந்தச் சர்வரோடு எந்த வழியாகச் சேருகிறது என்பது. அதை முதலில் முடிவு செய்துவிட்டால் சர்வரின் பெயர் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. அமைப்புப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் வரும். நடுவில் வரும் புள்ளியும் அடிக்கோடும் அப்படியே இருக்க வேண்டும். எடுத்துக்காட்டுகளில் பிஎச்பி 8.3, டெபியன் அல்லது உபுண்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சேரும் வழிகள்

வெப் சர்வருக்கு பிஎச்பி தெரியாது. .பிஎச்பி என்று முடியும் கோப்பும் அதற்கு ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். யாரிடம் கொடுத்து இயக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் மூல நிரலை அப்படியே பார்வையாளருக்கு அனுப்பிவிடும், உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் கடவுச்சொல் உட்பட. அப்படிக் கொடுத்து வாங்கும் வழிகள் சில உண்டு.

மாட்_பிஎச்பி: பிஎச்பி அப்பாச்சியின் வயிற்றுக்குள்ளேயே ஒரு மாட்யூலாக உட்கார்ந்துகொள்கிறது. நிறுவினால் போதும், ஓடும். இந்த எளிமைக்காகத்தான் இது நீண்டகாலம் கோலோச்சியது. விலை என்னவென்றால், ஒரு சின்னப் படத்தைப் பரிமாறும் அப்பாச்சி ப்ராசஸும் பிஎச்பியைச் சுமந்துகொண்டுதான் நிற்கும். ஒரே சர்வரில் பத்துத் தளங்கள் இருந்தால் பத்தும் ஒரே பயனராக ஓடும். ஒன்றில் புகுந்தவர் மற்ற ஒன்பதையும் படிக்கலாம். இரண்டு பிஎச்பி பதிப்புகளைத் தளத்துக்கு ஒன்றாக ஓட்டவும் இதில் வழியில்லை.

எஃப்பிஎம்: பிஎச்பி தனி சேவையாக ஓடுகிறது. வெப் சர்வர் அதனுடன் ஃபாஸ்ட்சிஜிஐ நெறிமுறையில் பேசுகிறது. 2010இல் பிஎச்பி 5.3.3 வந்தபோது இது மூல மென்பொருளின் பகுதியானது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், கேடி என்ற மூன்று வெப் சர்வர்களும் இதையே பயன்படுத்தலாம். தளத்துக்கு ஒரு பூல் (பிஎச்பி ப்ராசஸ்களின் குழு), பூலுக்கு ஒரு பயனர், வேண்டுமானால் வேறு பதிப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். விண்டோஸில் மட்டும் எஃப்பிஎம் கிடையாது.

எல்எஸ்ஏபிஐ: லைட்ஸ்பீட் வெப் சர்வர் குடும்பத்தின் சொந்த நெறிமுறை. ஃப்ராங்கன்பிஎச்பி: கேடியின் மேல் கட்டப்பட்டது, பிஎச்பியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பழைய சிஜிஐ ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய ப்ராசஸைத் தொடங்கி முடிக்கும். புதிய தளம் எதற்கும் அது வேண்டாம்.

பிஎச்பியோடு வரும் உள்ளமைந்த சர்வர் 5.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கவனிக்கும். உங்கள் நிரல் தன் முகவரியையே திரும்ப அழைத்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அப்படியே தொங்கிவிடும். சொந்தக் கணினியில் எழுதிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இப்போது என்ன ஓடுகிறது?

பிஎச்பி_சாபி_நேம் என்ற செயற்கூற்றை ஒரு வரியில் அச்சிடும் கோப்பை தளத்தில் வைத்து, உலாவி வழியாகத் திறந்து பாருங்கள். அப்பாச்சி2ஹேண்ட்லர் என்று வந்தால் மாட்_பிஎச்பி. எஃப்பிஎம்-எஃப்சிஜிஐ என்றால் எஃப்பிஎம். சிஜிஐ-எஃப்சிஜிஐ என்றால் சாதாரண ஃபாஸ்ட்சிஜிஐ, பெரும்பாலும் விண்டோஸ். லைட்ஸ்பீட் தன் பெயரையே சொல்லும்.

இதை டெர்மினலில் ஓட்டிப் பார்ப்பது தவறு. டெர்மினலில் இயங்குவது சிஎல்ஐ, அதாவது கட்டளை வரிக்கான பிஎச்பி. டெபியன் வகை லினக்ஸ்களில் அதற்குத் தனி பிஎச்பி.ஐஎன்ஐ (பிஎச்பியின் அமைப்புக் கோப்பு), எஃப்பிஎம்முக்குத் தனி, அப்பாச்சிக்குத் தனி. "மெமரி_லிமிட்டை மாற்றினேன், எதுவும் நடக்கவில்லை" என்ற புலம்பலில் பாதி, தவறான ஐஎன்ஐ கோப்பைத் திருத்தியதால் வருவது. பிஎச்பிஇன்ஃபோ என்ற செயற்கூறு காட்டும் பக்கத்தில் "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" என்ற வரி எந்தக் கோப்பைக் காட்டுகிறதோ அதுவே உண்மையானது. அதே பக்கத்தில் "த்ரெட் சேஃப்டி" வரியையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: .எச்டிஅக்சஸ் எண்ணிக்கை

தேர்வை உண்மையில் தீர்மானிப்பது இதுதான். .எச்டிஅக்சஸ் என்பது தளத்தின் கோப்புறைக்குள்ளேயே வைக்கும் அப்பாச்சி அமைப்புக் கோப்பு. தளத்தின் கோப்புறையில் .எச்டிஅக்சஸ் என்ற பெயரில் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று ஃபைண்ட் கட்டளையால் தேடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து படியுங்கள். மூன்று வகை தெரியும்.

முதல் வகை, இல்லாத கோப்புகளை எல்லாம் இண்டெக்ஸ்.பிஎச்பிக்குத் திருப்பும் நாலு வரி. வேர்ட்பிரஸ், லாராவெல் போன்றவை தருவது. என்ஜின்எக்ஸில் இது ஒரே வரியில் முடிந்துவிடும். இரண்டாவது, ஆண்டாண்டாகச் சேர்ந்த திருப்பல்கள், கடவுச்சொல் பூட்டுகள், ஐபி தடைகள். இவற்றை மாற்ற முடியும், ஆனால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மூன்றாவது, தளத்தில் உள்ள ஏதோ ஒரு ப்ளகின் தானே .எச்டிஅக்சஸில் எழுதிக்கொண்டிருப்பது, கேஷ், பாதுகாப்பு ப்ளகின்கள் இப்படிச் செய்யும். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. பிழை எதுவும் வராது, விதி வேலை செய்யாமல் கிடக்கும். தடுக்கப்பட்டதாக நீங்கள் நம்பும் கோப்புறை உலகத்துக்கே திறந்திருக்கும்.

மூன்றாவது வகை இருந்தால், அல்லது சர்வர் அமைப்பைத் தொட அனுமதி இல்லாத வாடிக்கையாளர்கள் அந்தத் தளங்களை நிர்வகிக்கிறார்கள் என்றால், அப்பாச்சியிலோ லைட்ஸ்பீடிலோ இருப்பதே சரி. முதல் வகை மட்டும் என்றால் எந்தச் சர்வரும் ஒத்துவரும்.

இன்னொன்றையும் தேடுங்கள்: அந்தக் கோப்புகளில் பிஎச்பி_வேல்யூ, பிஎச்பி_ஃப்ளாக் என்று தொடங்கும் வரிகள். அப்பாச்சியில் அவை மாட்_பிஎச்பிக்கு மட்டுமே புரியும். அப்பாச்சியிலேயே இருந்துகொண்டு எஃப்பிஎம்முக்கு மாறினாலும் அந்த ஒரு வரி போதும், தளம் முழுவதும் 500 பிழை. அவற்றை .யூசர்.ஐஎன்ஐ என்ற கோப்புக்கு மாற்றுங்கள். அதில் செய்யும் மாற்றம் தெரிய 5 நிமிடம் வரை ஆகலாம். பிஎச்பி அதை இயல்பாக 300 விநாடிகள் நினைவில் வைத்திருக்கும். மாற்றிய கையோடு பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

படி 3: அப்பாச்சி என்றால்

அப்பாச்சிக்குள் கோரிக்கைகளைக் கையாளும் மூன்று முறைகள் உண்டு: ப்ரீஃபோர்க், வொர்க்கர், ஈவென்ட். மாட்_பிஎச்பியின் வழக்கமான பொதிகள் த்ரெட் பாதுகாப்பு (ஒரே ப்ராசஸுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் குழம்பாமை) இல்லாமல் கட்டப்பட்டவை, ஆகவே த்ரெட் பயன்படுத்தாத ப்ரீஃபோர்க்கில் மட்டுமே ஓடும். ஈவென்ட்டை இயக்கிவிட்டு மாட்_பிஎச்பியை ஏற்றினால், பிஎச்பி மாட்யூல் த்ரெட்டுகளுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி அப்பாச்சி தொடங்கவே மறுக்கும். ப்ரீஃபோர்க்கில் இருக்கும்வரை எச்டிடிபி/2 நெறிமுறை கிடைக்காது, 2.4.27 பதிப்பிலிருந்து அப்பாச்சி அந்தச் சேர்க்கையை ஏற்பதில்லை. புதிதாக அமைப்பவர்கள் ஈவென்ட், எஃப்பிஎம் இரண்டையும் சேர்த்து எடுப்பதே நல்லது.

மாற்றும் வரிசை இது. முதலில் எஃப்பிஎம் பொதியை நிறுவுங்கள். ஏ2டிஸ்மாட் கட்டளையால் பிஎச்பி8.3 மாட்யூலை நீக்குங்கள், அடுத்து எம்பிஎம்_ப்ரீஃபோர்க்கை நீக்குங்கள். இந்த வரிசையில்தான், ஏனெனில் முதலாவது இரண்டாவதைச் சார்ந்திருக்கிறது. பிறகு ஏ2என்மாட் கட்டளையால் எம்பிஎம்_ஈவென்ட், ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ, செட்என்விஃப் மூன்றையும் இயக்குங்கள். ஏ2என்கான்ஃப் கட்டளையால் பிஎச்பி8.3-எஃப்பிஎம் அமைப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கையால் எழுதுபவர்கள் ஃபைல்ஸ்மேட்ச் பகுதிக்குள் செட்ஹேண்ட்லரைப் பயன்படுத்துங்கள். பழைய குறிப்புகளில் காணப்படும் ப்ராக்ஸிபாஸ்மேட்ச் வேண்டாம். அது கோரிக்கையைக் கோப்பு முறைக்குள் வரவிடாமலேயே கடத்திவிடுவதால், அந்தக் கோப்புறைக்கு நீங்கள் போட்ட பூட்டுகள் பிஎச்பி கோப்புகளுக்குப் பொருந்தாமல் போகும். ஃபைல்ஸ்மேட்ச் வரியில் கோப்புப் பெயரைப் பொருத்தும் கோவையின் முடிவில் டாலர் குறி கட்டாயம். அது விட்டுப்போனால் போட்டோ.பிஎச்பி.ஜேபிஜி என்ற பெயரில் ஏற்றப்பட்ட கோப்பும் நிரலாக இயக்கச் சொல்லி எஃப்பிஎம்முக்குப் போகும்.

எஃப்பிஎம்முக்கு மாறிய பின் ஏபிஐ அழைப்புகள் (மற்ற நிரல்கள் அனுப்பும் கோரிக்கைகள்) எல்லாம் 401 (அனுமதி இல்லை) தருகின்றனவா? அப்பாச்சி, லாகின் டோக்கனைச் சுமக்கும் ஆதரைசேஷன் தலைப்பை ஃபாஸ்ட்சிஜிஐ பக்கம் தானாக அனுப்புவதில்லை. மாட்_பிஎச்பியில் இந்தச் சிக்கல் இல்லை என்பதால் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. சிஜிஐபாஸ்ஆத் ஆன் என்ற வரி இதைத் தீர்க்கும். டெபியன் தரும் எஃப்பிஎம் அமைப்பில் செட்என்விஃப் வழியாக இது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது; மேலே அந்த மாட்யூலை இயக்கச் சொன்னது இதற்காகத்தான்.

படி 4: என்ஜின்எக்ஸ் என்றால்

என்ஜின்எக்ஸ் 2004இல் வெளிவந்தது. சில ப்ராசஸ்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்குவதற்காக எழுதப்பட்டது. இதற்குள் பிஎச்பியை வைக்க வழியில்லை. எஃப்பிஎம்தான் ஒரே பாதை. அமைப்பில் மூன்று இடங்களை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை எளிது.

ஒன்று, வேர்க் கோப்புறை. ரூட் வரியை சர்வர் பகுதியின் நேரடி நிலையில் எழுதுங்கள், லொக்கேஷன் பகுதிக்குள் எழுதாதீர்கள். உள்ளே எழுதினால் பிஎச்பிக்கான லொக்கேஷனுக்கு அது தெரியாது. நவீன கட்டமைப்புகளில் ரூட், திட்டத்தின் மேல்நிலைக் கோப்புறையைக் காட்டக் கூடாது. பப்ளிக் என்ற உட்கோப்புறையைத்தான் காட்ட வேண்டும். இல்லையென்றால் கடவுச்சொற்கள் இருக்கும் .என்வ் கோப்பை யாரும் உலாவியில் திறந்து படிக்கலாம்.

இரண்டு, ட்ரை_ஃபைல்ஸ். வரிசை: கேட்ட கோப்பு, கேட்ட கோப்புறை, இரண்டும் இல்லையென்றால் இண்டெக்ஸ்.பிஎச்பி. கடைசியில் கேள்விக்குறியோடு வினவல் சரத்தையும் சேர்க்க மறந்தால் முகப்புப் பக்கம் திறக்கும், ஆனால் தேடலும் பக்க எண்களும் வேலை செய்யாது.

மூன்று, பிஎச்பிக்கான லொக்கேஷன். இதற்குள் நான்கு வரிகள். ட்ரை_ஃபைல்ஸில் கோப்பு இல்லையென்றால் 404. ஃபாஸ்ட்சிஜிஐ_பேரம்ஸ் கோப்பைச் சேர்த்தல். ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் அளவுருவை வேர்க் கோப்புறையும் ஸ்கிரிப்ட் பெயரும் சேர்ந்ததாகக் கொடுத்தல். ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸில் சாக்கெட்டின் (ஒரே கணினியில் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் கோப்பு) பாதை, அதாவது ரன் கோப்புறையில் பிஎச்பி உட்கோப்புறைக்குள் இருக்கும் பிஎச்பி8.3-எஃப்பிஎம்.சாக்.

முதல் வரியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சிஜிஐ.ஃபிக்ஸ்_பாத்இன்ஃபோ இயல்பாக 1. இந்த நிலையில் ஒருவர் படமாக ஏற்றிய கோப்பின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் இல்லாத ஒரு .பிஎச்பி பெயரும் சேர்த்துக் கேட்டால், பிஎச்பி பின்னோக்கித் தேடிவந்து அந்தப் படத்தையே இயக்கப் பார்க்கும். எஃப்பிஎம்மில் செக்யூரிட்டி.லிமிட்_எக்ஸ்டென்ஷன்ஸ் (எந்த முடிவுள்ள கோப்புகளை இயக்கலாம் என்ற பட்டியல்) இதை ஓரளவு தடுக்கிறது. இருந்தாலும் இரண்டு பூட்டும் இருக்கட்டும். பதிவேற்றக் கோப்புறைக்குள் பிஎச்பி ஓடவே கூடாது என்று தனி லொக்கேஷன் எழுதுவது மூன்றாவது பூட்டு. புள்ளியில் தொடங்கும் கோப்புகளை மறுக்கும் லொக்கேஷனும் எழுதுங்கள், எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு வேண்டிய .வெல்-நோன் கோப்புறையை மட்டும் விட்டுவிட்டு.

ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் விட்டுப்போனால் வரும் அறிகுறி விசித்திரமானது: 200 விடையுடன் வெற்றுப் பக்கம், பிழைகளைக் குறித்துவைக்கும் லாகில் ஒரு வரியும் இருக்காது. மூல என்ஜின்எக்ஸில் ஃபாஸ்ட்சிஜிஐ_பேரம்ஸ் கோப்பில் அந்த அளவுரு கிடையாது, ஃபாஸ்ட்சிஜிஐ.கான்ஃப் கோப்பில் உண்டு. பெயர் ஒற்றுமையால் ஏமாறுபவர்கள் ஏராளம்.

புதிய வெளியீட்டை சிம்லிங்க் (வேறு கோப்புறையைக் காட்டும் இணைப்பு) மாற்றி அமர்த்துபவர்கள், டாக்குமென்ட்_ரூட்டுக்குப் பதிலாக ரியல்பாத்_ரூட் மாறியைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஓபிகேஷ் (தொகுத்த நிரலை நினைவில் வைத்திருக்கும் பிஎச்பி பகுதி) பழைய பாதையைப் பிடித்துக்கொண்டு பழைய நிரலையே சிறிது நேரம் பரிமாறும்.

அமைப்பை எழுதியதும் என்ஜின்எக்ஸை சிறிய டி விருப்பத்துடன் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, பிறகு ரீலோடு செய்யுங்கள்.

மற்றவை

லைட்ஸ்பீடின் வணிகப் பதிப்பு அப்பாச்சியின் அமைப்புக் கோப்புகளையும் .எச்டிஅக்சஸையும் அப்படியே படிக்கும். அப்பாச்சியைக் கழற்றி இதை மாட்டுவது சுலபம், உரிமத்துக்குக் காசு கட்ட வேண்டும். இலவசமான ஓப்பன்லைட்ஸ்பீட், .எச்டிஅக்சஸில் ரீரைட் விதிகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல் பூட்டு போன்றவற்றை விட்டுவிடும். அந்தக் கோப்பை மாற்றிய பின் சர்வரை மென்மையாக மறுதொடக்கம் செய்யுங்கள். இது பயன்படுத்துவது எல்எஸ்பிஎச்பி என்ற தனிப் பொதி. வழக்கமான பொதிவழி நீங்கள் போட்ட எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியின் கூடுதல் பகுதி) இதற்குத் தெரியாது. எல்எஸ்பிஎச்பி83 என்று தொடங்கும் பொதியைத் தேடி நிறுவ வேண்டும்.

கேடி, பெயர் தமிழில் வம்பாக ஒலித்தாலும், ஆள் சாது. டொமைன் பெயர், ரூட், பிஎச்பி_ஃபாஸ்ட்சிஜிஐ, ஃபைல்_சர்வர் என்று நாலு வரியில் தளம் எழுந்துவிடும். எஸ்எஸ்எல் சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பிக்கும். அதற்கு 80, 443 போர்ட்டுகள் வெளியிலிருந்து எட்டும்படி இருக்க வேண்டும். சிக்கும் இடம் ஒன்று உண்டு. கேடி சேவை தன் பெயரிலேயே ஒரு பயனராக ஓடுகிறது, எஃப்பிஎம் சாக்கெட்டோ டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா குழுவுக்குச் சொந்தம். கேடி பயனரை அந்தக் குழுவில் சேர்த்து மறுதொடக்கம் செய்யும்வரை 502 பிழை (பின்னால் இருக்கும் பிஎச்பியை எட்ட முடியவில்லை) வந்துகொண்டே இருக்கும். சின்னத் தளம், ரீரைட் சிக்கல் இல்லை என்றால் இதையே முதலில் முயன்று பார்க்கலாம்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ். இங்கே த்ரெட் பாதுகாப்பு என்ற சொல் முக்கியமாகிறது. பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டு வகை பிஎச்பி இருக்கும். ஐஐஎஸ் ஃபாஸ்ட்சிஜிஐக்கு நான்-த்ரெட்-சேஃப் வகை. விண்டோஸில் அப்பாச்சியும் மாட்_பிஎச்பியும் என்றால் த்ரெட்-சேஃப் வகை. மாற்றி எடுத்தால் மாட்யூல் கோப்பே உள்ளே இருக்காது. எக்ஸ்டென்ஷன் டிஎல்எல்களும் அதே வகையாக, அதே பிஎச்பி பதிப்பாக, அதே 64 பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸ் அம்சங்களில் சிஜிஐயை இயக்குங்கள், ஹேண்ட்லர் மேப்பிங்கில் *.பிஎச்பிக்கு பிஎச்பி-சிஜிஐ.இஎக்ஸ்இயைக் காட்டுங்கள், ரீரைட்டுக்கு யூஆர்எல் ரீரைட் மாட்யூலைத் தனியாக நிறுவுங்கள். ஃபாஸ்ட்சிஜிஐ ப்ராசஸ் எதிர்பாராமல் முடிந்தது என்று 500 வந்தால், முதலில் பார்க்க வேண்டியது விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் நிறுவப்பட்டிருக்கிறதா என்பது.

ஃப்ராங்கன்பிஎச்பியின் வொர்க்கர் முறையில் செயலி ஒருமுறை ஏறி, பிறகு நினைவகத்திலேயே இருந்து கோரிக்கைகளைப் பார்க்கும். வேகம் உண்டு, ஆனால் ஸ்டேட்டிக் மாறியில் வைத்த தகவல் அடுத்த பார்வையாளரின் கோரிக்கைக்குக் கசியலாம். த்ரெட்-சேஃப் பிஎச்பி தேவை என்பதால் சில எக்ஸ்டென்ஷன்கள் ஒத்துவராது. பழைய நிரலை இதில் ஏற்றுவது வேலியில் போகும் ஓணானை மடியில் கட்டிக்கொள்வது.

படி 5: எஃப்பிஎம்மின் அளவு

எஃப்பிஎம்மோடு எந்தச் சர்வரை எடுத்தாலும் ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி கோரிக்கைகள் ஓடலாம் என்பதைத் தீர்மானிப்பது பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன். இயல்பு மதிப்பு 5. ஆறாவது ஆள் வரிசையில் நிற்பார். பல "மெதுவான சர்வர்" புகார்களின் முழுக் கதை இதுதான்.

கணக்கு எளிது. எஃப்பிஎம் ப்ராசஸ்கள் உண்மையில் எவ்வளவு ரேம் எடுக்கின்றன என்று பீக் நேரத்தில் பாருங்கள். 4 ஜிபி ரேமில் இயங்குதளத்துக்கும் வெப் சர்வருக்கும் 1 ஜிபி, அதே கணினியில் டேட்டாபேஸ் இருந்தால் அதற்கு 1 ஜிபி, மீதி 2 ஜிபி. ஒரு ப்ராசஸ் சராசரி 60 எம்பி என்றால் 2048ஐ 60ஆல் வகுக்க 34 வரும். 30 என்று வையுங்கள். மெமரி_லிமிட்டான 128 எம்பியை வைத்து வகுத்தால் தேவைக்கு மேல் கஞ்சத்தனம். ஆனால் பெரிய படங்களைச் சுருக்குவது போன்ற வேலைகள் அதிகம் என்றால் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருங்கள். ரேம் தீர்ந்தால் லினக்ஸ் கர்னல் ஒரு ப்ராசஸைக் கொல்லும், அது பெரும்பாலும் டேட்டாபேஸாக இருக்கும்.

ஒரே பெரிய தளம் என்றால் பிஎம்மை ஸ்டேட்டிக் என்று வையுங்கள். பார்வையாளர் வருகை ஏறி இறங்கினால் டைனமிக். எப்போதாவது திறக்கும் பல சின்னத் தளங்கள் என்றால் ஆன்டிமாண்ட். பிஎம்.மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸ் இயல்பாக 0, அதாவது ப்ராசஸ் சாகாது. நினைவகம் கசியும் நூலகம் இருப்பதாகச் சந்தேகம் என்றால் 500 அல்லது 1000 கொடுங்கள்.

வெப் சர்வரும் எஃப்பிஎம்மும் ஒரே கணினியில் என்றால் யூனிக்ஸ் சாக்கெட். தனித்தனி கன்டெய்னர்கள் (ஒரே கணினிக்குள் பிரித்து வைத்த சூழல்கள்) என்றால் டிசிபி போர்ட் 9000. அந்த 9000 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். ஃபாஸ்ட்சிஜிஐக்குக் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது, எட்டிப் பிடித்தவர் உங்கள் சர்வரில் நிரல் ஓட்டலாம். பழைய எக்ஸ்டீபக்கும் (பிஎச்பி பிழைகளைத் தேடும் கருவி) இதே 9000ஐத்தான் பயன்படுத்தியது, மூன்றாம் பதிப்பில்தான் 9003க்கு மாறியது.

கன்டெய்னர்களில் இன்னொரு பொறி: ஸ்கிரிப்ட்_ஃபைல்நேமில் போகும் பாதை எஃப்பிஎம் கன்டெய்னருக்குள் இருக்கும் பாதையாக இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் தன் பக்கத்துப் பாதையை அனுப்பும், அங்கே அப்படி ஒரு கோப்பு இருக்காது, "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று ஒற்றை வரி வரும். லாகில் "ப்ரைமரி ஸ்கிரிப்ட் அன்னோன்" என்று இருந்தால் இதுதான். இரண்டிலும் ஒரே பாதையில் கோப்புகளை மவுண்ட் செய்வதே தலைவலி இல்லாத வழி.

சூழல் மாறிகள் பிஎச்பிக்கு எட்டவில்லை என்றால் க்ளியர்_என்வ் வரியைப் பாருங்கள். இயல்பாக எஃப்பிஎம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் ப்ராசஸைத் தொடங்கும்.

படி 6: வரம்புகளின் சங்கிலி

20 எம்பி கோப்பை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். என்ஜின்எக்ஸின் க்ளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பாக 1 எம்பி, மீறினால் 413 (கோரிக்கை மிகப் பெரிது). அடுத்து போஸ்ட்_மேக்ஸ்_சைஸ், 8 எம்பி. மீறினால் பிழை எண் எதுவும் வராது, பிஎச்பிக்குள் போஸ்ட் தரவு மொத்தமும் காலியாக இருக்கும். கடைசியில் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ், 2 எம்பி. உள்ளிருந்து வெளியே வரவர எண் கூட வேண்டும்: 20, 24, 25 என்று வைக்கலாம். ஐஐஎஸ்ஸில் வெளி வாசல் 3,00,00,000 பைட்டுகள். மீறினால் அது 404.13 என்று சொல்லும், கோப்பே இல்லையோ என்று தேட வைக்கும்.

நேரத்துக்கும் இதே கதை. மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் 30 விநாடி, என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட் 60 விநாடி. லினக்ஸில் அந்த 30 விநாடியில் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. ஆகவே 10 விநாடி நிரல், 80 விநாடி வினவல் என்றால் பிஎச்பி அசையாது. 60ஆவது விநாடியில் என்ஜின்எக்ஸ் 504 (காத்திருக்கும் நேரம் முடிந்தது) தந்துவிடும், பிஎச்பி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பார்வையாளர் மறுபடி பொத்தானை அழுத்துவார், இன்னொரு ப்ராசஸ் மாட்டிக்கொள்ளும். கடிகாரத்து நேரத்தில் நிறுத்த ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் என்ற எஃப்பிஎம் அமைப்பு இருக்கிறது. அதை வெப் சர்வரின் வரம்பைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள்.

பிழை எண்ணிலிருந்து காரணத்துக்கு

502 வந்தால் முதலில் வெப் சர்வரின் பிழை லாகைத் திறந்து பாருங்கள். "நோ சச் ஃபைல்" என்றால் சாக்கெட் பாதை தவறு. பிஎச்பி பதிப்பை உயர்த்திய மறுநாள் இதுவே வழக்கம், பாதையில் பழைய எண் நிற்கும். "பர்மிஷன் டினைட்" என்றால் லிசன்.ஓனர், லிசன்.குரூப் இரண்டையும் பாருங்கள். அனுமதி சரியாக இருந்தும் ரெட் ஹாட் வகை லினக்ஸில் மறுக்கப்பட்டால் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள். "டூ பிக் ஹெடர்" என்றால் குக்கிகளும் தலைப்புகளும் பெருத்துவிட்டன, ஃபாஸ்ட்சிஜிஐ_பஃபர்_சைஸை 16 கேபியாக்குங்கள், ஃபாஸ்ட்சிஜிஐ_பஃபர்ஸையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். லாகில் இணைப்பு நடுவில் அறுந்ததாக இருந்தால் பிஎச்பி ப்ராசஸ் செத்திருக்கிறது. எஃப்பிஎம் லாகில் சிக்னல் 11 என்று தேடுங்கள், இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி.

504க்கு எஃப்பிஎம்மின் ஸ்லோலாகை இயக்குங்கள். ரிக்வெஸ்ட்_ஸ்லோலாக்_டைம்அவுட்டை 5 விநாடி என்று கொடுத்தால், அதைத் தாண்டும் கோரிக்கை எந்த நிரல் வரியில் நிற்கிறது என்று எழுதிவைக்கும். எஃப்பிஎம் லாகில் மேக்ஸ்_சில்ட்ரனை எட்டிவிட்டதாக எச்சரிக்கை இருந்தால் எண்ணை உயர்த்தும் முன் ஸ்லோலாகைப் படியுங்கள். மெதுவான வினவல் ஒன்று எல்லா ப்ராசஸையும் பிடித்து வைத்திருந்தால், எண்ணை இரட்டிப்பாக்குவது டேட்டாபேஸின் சுமையைத்தான் இரட்டிப்பாக்கும்.

உலாவியில் பிஎச்பி கோப்பு பதிவிறங்கினால், அதைப் பிஎச்பியிடம் கொடுக்கும் ஹேண்ட்லர் இணைப்பு இல்லை. உடனே சர்வரை நிறுத்துங்கள், சரிசெய்யுங்கள், வெளியே தெரிந்திருக்கக்கூடிய கடவுச்சொற்களை மாற்றுங்கள். சரிசெய்த பிறகும் பதிவிறங்கினால் அது உலாவியின் கேஷாக இருக்கலாம். தனிச் சாளரத்தில் பாருங்கள். நேரடி வெளியீடு, அதாவது வரிவரியாக வந்துகொண்டிருக்க வேண்டிய தகவல், மொத்தமாகக் கடைசியில் வந்தால் என்ஜின்எக்ஸ் அதைச் சேர்த்து வைக்கிறது. எக்ஸ்-அக்ஸெல்-பஃபரிங் என்ற தலைப்பை "நோ" என்று பிஎச்பியிலிருந்து அனுப்புங்கள்.

படி 7: மாற்றும் நாள்

பழைய சர்வரைக் கழற்றாமல் புதியதை 8080 போர்ட்டில் எழுப்புங்கள். இரண்டும் ஒரே எஃப்பிஎம் பூலை, ஒரே கோப்புகளைப் பயன்படுத்தலாம். எஃப்பிஎம்முக்கு யார் கேட்கிறார்கள் என்ற கவலை இல்லை. முகப்பு, வினவல் சரம் உள்ள ஒரு பக்கம், இல்லாத ஒரு பக்கம் (404 வர வேண்டும், 200 அல்ல), லாகின், பெரிய கோப்பு பதிவேற்றம், டோக்கன் உள்ள ஏபிஐ அழைப்பு, .என்வ் முகவரி (மறுக்கப்பட வேண்டும்), பதிவேற்றக் கோப்புறையில் நீங்களே வைத்த ஒரு பிஎச்பி கோப்பு (ஓடக் கூடாது): இந்த எட்டையும் இரண்டு போர்ட்டிலும் கர்ல் என்ற கட்டளை கொண்டு கேட்டு விடைகளை ஒப்பிடுங்கள். வேகம் பார்க்க வேண்டுமென்றால் அப்பாச்சி பெஞ்ச் என்ற சோதனைக் கருவியில், ஒரே நேரத்தில் 20 வீதம் 500 கோரிக்கைகள் அனுப்பலாம். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால் வியப்படைய வேண்டாம், பின்னால் ஓடும் பிஎச்பி ஒன்றுதானே.

பிறகு போர்ட் 80, 443ஐப் புதியதற்கு மாற்றி, பழையதை நிறுத்தி, கணினி மறுதொடங்கும்போது அது தானாக எழாதபடி முடக்குங்கள். இதை மறந்தால் சில வாரங்கள் கழித்து ஒரு மறுதொடக்கத்தில் பழையது முந்திக்கொண்டு போர்ட்டைப் பிடிக்கும், புதியது எழாது. படி 1இல் வைத்த சோதனைக் கோப்பும் பிஎச்பிஇன்ஃபோ பக்கமும் இன்னும் தளத்தில் இருக்கும், அவற்றையும் அழித்துவிடுங்கள்.